பல்கலைக்கழகங்களின் இலவசப் பொதுச் சொற்பொழிவுகள்: கேட்பதும் காப்பதும்

நூலகவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழக உரைகள் என்றாலே நாம் பாடத்திட்ட வகுப்புகளைத்தான் நினைத்துக்கொள்கிறோம். தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001 ஏப்ரலில் அறிவித்த திட்டமானாலும், நம் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். ஆனாலும், அவை மாணவர் ஒருவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இந்த இழையில் நான் பேச விரும்புவது வேறு வகையைப் பற்றி. தேர்வு, சான்றிதழ் என்று எதுவும் இல்லாமல், பொதுமக்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் நடத்திப் பதிவுசெய்து வெளியிடும் சொற்பொழிவுகளும் நேர்காணல்களும் ஏராளமாக இருக்கின்றன. நம்மவர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2000 ஜனவரியில் தொடங்கிய யூ.சி.டி.வி. எனும் தொலைக்காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வளாகங்களில் நடக்கும் பொது உரைகள் மருத்துவம், சட்டம், வானியல், வேளாண்மை, இசை என்று துறை வேறுபாடின்றி அதில் வெளியாகின்றன. எலிசபெத் வாரன் 2007-இல் அதன் பெர்க்லி வளாகத்தில் ஆற்றிய உரையைத்தான் இந்த வகைக்கு நான் எப்போதும் முதலில் காட்டுவேன். அப்போது அவர் ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர். செனட்டர் ஆவதற்கு இன்னும் ஆண்டுகள் இருந்தன. அமெரிக்க நடுத்தர வர்க்கம் ஏன் கடனில் மூழ்குகிறது என்பதுதான் பொருள். ஆடைக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் ஆடம்பரப் பொருள்களுக்கும் வாரி இறைப்பதால்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அவர் அரசின் குடும்பச் செலவுக் கணக்குகளை எடுத்துவைத்து, பணவீக்கத்தைக் கழித்து, 1970-களின் தொடக்கத்தில் ஒருவர் மட்டும் சம்பாதித்த குடும்பத்தையும் ஒரு தலைமுறைக்குப் பிறகு கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். ஆடைக்கான செலவு 32 விழுக்காடு குறைந்திருக்கிறது. வெளியில் சாப்பிடுவதையும் சேர்த்து உணவுக்கான செலவு 18 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஏறியிருப்பது வீட்டுக் கடன் தவணையும் மருத்துவக் காப்பீடும்; முன்னது 76 விழுக்காடு, பின்னது 74 விழுக்காடு. வேலை போனால் துணி எடுப்பதைத் தள்ளிப்போடலாம், தவணையைத் தள்ளிப்போட முடியாது என்பதை நோக்கித்தான் முழு உரையும் நகர்கிறது. 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடி முற்றுவதற்கு முன்பே பேசப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால் அதன் கனம் கூடுதலாகத் தெரியும்.

பொருளாதாரம் படிக்காதவருக்கும் இவ்வுரை விளங்கும். அதே நேரத்தில், கேட்பவரைக் குழந்தையாக நடத்தி எதையும் மழுப்புவதுமில்லை. இப்படிப்பட்டவற்றை நீங்கள் எங்கே தேடுகிறீர்கள், எப்படிப் பின்தொடர்கிறீர்கள், அமெரிக்க ஆங்கில உச்சரிப்புப் பழகாத ஒருவருக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்பனவற்றை அறிய விரும்புகிறேன்.

பொருநை எழுதியது:

இழையைத் தொடங்கிய நூலகவாசி ஐயாவுக்கு நன்றி. சொற்பொழிவைவிட நேர்காணலே எனக்கு நெருக்கமானது. அதே பெர்க்லியில், பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் சார்பில் ஹாரி கிரைஸ்லர் 1982-இல் தொடங்கி நெடுங்காலம் நடத்திய 'வரலாற்றோடு உரையாடல்கள்' என்னும் வரிசையை இங்கே சொல்லாமல் விட முடியாது. அதுவும் யூ.சி.டி.வி.யில் வெளியானதுதான்.

விருந்தினர் யாராக இருந்தாலும் கிரைஸ்லர் ஒரே இடத்தில்தான் தொடங்குவார். எங்கே பிறந்து வளர்ந்தீர்கள், உலகைப் பற்றிய உங்கள் பார்வையைப் பெற்றோர் எவ்வாறு வடிவமைத்தார்கள் என்று கேட்பார். முதலில் கேட்பவருக்கு இது சடங்குபோலத் தோன்றும். சிலவற்றைக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் வேலை புரிகிறது: ஆயத்தமாக வந்த பதில்களைச் சொல்ல முடியாதபடி, பெரிய மனிதர்களை அது அவர்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்விடுகிறது. பிறகு அவர் இடையில் குறுக்கிடுவதே அரிது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் ஒரு வாக்கியத்தை முடித்துப் பார்த்ததில்லை என்பதால், இது எனக்கு விருந்தாக இருந்தது.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மெக்நமாராவுடன் 1996-இல் எடுத்த நேர்காணலையும், டேனியல் எல்ஸ்பெர்க்குடன் 1998-இல் எடுத்ததையும் அடுத்தடுத்துக் கேட்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். போரைப் பற்றிய இரகசிய ஆய்வை 1967-இல் எழுதப் பணித்தவர் முன்னவர். அதை 1971-இல் நாளிதழ்களுக்குக் கொடுத்தவர் பின்னவர். இருவரிடமும் அதே அமைதியான குரலில், அதே தொடக்கக் கேள்வியுடன் ஒருவர் பேசுகிறார். குறுக்கு விசாரணையை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மெக்நமாராவை இன்னும் நெருக்கியிருக்கலாம் என்று எனக்கும் பட்டது. ஆனால், இரண்டையும் கேட்டு முடித்தபின் நெருக்கும் வேலையைக் கேட்பவரே செய்யத் தொடங்கிவிடுகிறார்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நிறுவனம் பழைய நேர்காணல்கள் பலவற்றின் முழு எழுத்துப்படியையும் தன் தளத்தில் இட்டிருந்தது. தொலைபேசிக் கம்பி வழி இணையம் இருந்த காலத்தில் காணொளி ஓடாது. அந்த எழுத்துப்படிகளைத்தான் அச்செடுத்துப் படித்தோம். பிறகு காணொளி கைக்கு வந்தபோது, படித்துவிட்டுக் கேட்பது எவ்வளவு எளிது என்று தெரிந்தது.

அந்திமந்தாரை எழுதியது:

நான் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். இத்தகைய உரைகளால் என் மேசைக்கு வந்து சேரும் பின்விளைவு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ராபர்ட் லஸ்டிக், 2009-இல் சர்க்கரையின் தீமை பற்றி ஆற்றிய உரை யூ.சி.டி.வி.யின் மிகப் புகழ்பெற்ற உரைகளுள் ஒன்று. பொதுமக்களுக்கான சிறு மருத்துவப் பள்ளி என்ற வரிசையில் வந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும் அவ்வுரையில் கணிசமான பகுதி உயிர்வேதியியல். குளுக்கோஸை உடலின் எல்லாச் செல்களும் பயன்படுத்திக்கொள்ளும், சர்க்கரையில் அதனோடு சேர்ந்திருக்கும் ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள வேண்டும், அது நடக்கும் பாதை சாராயம் கல்லீரலில் செல்லும் பாதையை ஒத்திருக்கிறது என்று படிப்படியாகப் பலகை போட்டுக் காட்டுகிறார். இவ்வளவு கடினமான ஒன்றை இலட்சக்கணக்கான பொதுமக்கள் பார்த்தார்கள் என்பது, மக்களுக்கு எளிமையாகச் சொன்னால்தான் ஏறும் என்ற நம் எண்ணத்தைப் புரட்டிப் போடுகிறது. அந்த வகையில் எனக்கு அவ்வுரையின் மீது மதிப்பு உண்டு.

ஆனால், அவர் ஃபிரக்டோஸை நஞ்சு என்றே அழைக்கும் இடத்தில் ஆய்வாளர்கள் பலர் உடன்படவில்லை. எவ்வளவு உட்கொள்கிறோம் என்பதை அவர் போதிய அளவு பிரித்துக் காட்டவில்லை என்றும், மிகையான அளவு கொடுத்துச் செய்யப்பட்ட சோதனைகளிலிருந்து அன்றாட உணவுக்குத் தாவுகிறார் என்றும் மறுப்புகள் எழுந்தன. பல்கலைக்கழக முத்திரையோடு வருவதால் ஒருவருடைய வாதம், துறையின் முடிந்த முடிபுபோலப் பொதுமக்களிடம் போய்ச் சேர்கிறது. இதைவிடத் தொல்லை, அதிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள். நீரிழிவு உள்ள பெரியவரை அழைத்து வரும் மகன், கைப்பேசியில் நிமிடக் கணக்கிலான துண்டு ஒன்றைக் காட்டி, "அப்பாவுக்குக் கொய்யாப்பழமே கொடுக்கக் கூடாதாமே, பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்கிறார். முழு உரையைக் கேட்டிருந்தால், நார்ச்சத்தோடு சேர்ந்து வரும் பழத்தையும் புட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தையும் லஸ்டிக் தாமே வேறுபடுத்திப் பேசுவதை அவர் அறிந்திருப்பார்.

ஆகவே, நீங்கள் யாருக்காவது ஓர் உரையைப் பரிந்துரைத்தால் முழு உரையின் இணைப்பையே அனுப்புங்கள். மருத்துவம் தொடர்பானதாக இருந்தால் அதற்கு வந்த மறுப்புகளையும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

நூலகவாசி எழுதியது:

அம்மா சொல்வது முழுக்கச் சரி. இங்கேயும் எழுத்துப்படிதான் உதவுகிறது என்று நினைக்கிறேன். துண்டு வந்த காணொளியில் அது எந்த இடம் என்று தேடுவது பெரும்பாடு. எழுத்துப்படி இருந்தால் 'பழம்' என்று தேடி முன்னும் பின்னும் நான்கு பத்தி படித்துவிடலாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோரும் கிடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கிடைத்துக்கொண்டிருந்தது ஒரே அறிவிப்பில் மறைந்துபோனதையும் இந்த இழையில் பதிய வேண்டும்.

பெர்க்லி ஆண்டுக்கணக்கில் தன் வகுப்பறை உரைகளைப் பதிவுசெய்து யூடியூபிலும் ஆப்பிள் நிறுவனத்தின் கல்வி மேடையான ஐடியூன்ஸ் யூ-விலும் இலவசமாக வைத்திருந்தது. நான் பணியாற்றிய இடத்தில் மாலை நேரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து அவற்றைக் கேட்போம். 2017 மார்ச் மாதம், 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடப் போவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. காரணம் என்ன? காது கேளாதோருக்குச் சப்டைட்டில் சரியில்லை என்று இருவர் புகார் அளித்தார்கள். அமெரிக்க நீதி அமைச்சகம் 2016 ஆகஸ்டில் கடிதம் எழுதியது. திருத்துவதற்குச் செலவாகும் என்று பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இருவருக்குக் கிடைக்காத ஒன்று, இதனால் உலகத்தில் எவருக்குமே கிடைக்காமல் போயிற்று. இதில் யாருக்கு என்ன நன்மை?

விரல்மொழி எழுதியது:

நான் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. கரிசல்காட்டான் அவர்கள் பயன்படுத்திய பழமொழியில் மூட்டைப்பூச்சி யார் என்பதைப் படிப்பவர் ஊகிக்கும்படி விட்டிருப்பது வருத்தம் தருகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

புகார் அளித்த இருவரும் வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே இயங்கும் காலாடெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம் அவர்களுக்காக முறையிட்டது. அவர்கள் கேட்டது சப்டைட்டில். நீக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அமைச்சகத்தின் கடிதமும், உள்ளடக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும் வகையில் திருத்த வேண்டும் என்றுதான் சொன்னது. பொதுப் பல்கலைக்கழகம் தன் சேவைகளை மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அந்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் சட்டம். நீக்குவது என்று முடிவெடுத்தது பல்கலைக்கழகம். அந்த முடிவுக்கான வசை மட்டும் கேட்டவர்கள் தலையில் விழுந்தது.

அதே சங்கம் 2015 பிப்ரவரியில் ஹார்வர்டு மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்குத் தொடுத்தது. ஹார்வர்டு 2019-இலும் எம்.ஐ.டி. 2020-இலும் சமரசத்துக்கு வந்து, சப்டைட்டில் தருவதாக ஒப்புக்கொண்டன. உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. பெர்க்லியும் 2022 நவம்பரில் நீதி அமைச்சகத்துடன் உடன்பாட்டுக்கு வந்து, புதிதாக வெளியிடுவதையும் ஏற்கெனவே இருப்பதில் பெரும்பகுதியையும் திருத்தித் தருவதாக ஏற்றுக்கொண்டது. அதை முன்பே செய்திருக்கலாம் அல்லவா?

கணினி தானாக உருவாக்கும் சப்டைட்டில் இருக்கிறதே என்பார்கள். கேட்கும் திறன் உள்ளவர் அதிலுள்ள பிழையைக் காதால் திருத்திக்கொள்வார். என் மாணவிக்கு அந்த வசதி இல்லை. திரையில் வருவதுதான் அவளுக்கு உரை. 'பதினைந்து' என்பதற்கும் 'ஐம்பது' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒலி எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். சப்டைட்டிலில் அந்த இரண்டும் மாறிவிட்டால், தவறு நடந்தது என்றே அவளுக்குத் தெரியப்போவதில்லை. கடைசி வரை அந்த எண்ணோடுதான் கணக்குப் போடுவாள்.

கரிசல்காட்டான் எழுதியது:

அந்தப் பழமொழி பல்கலைக்கழகத்தின் செயலைக் குறித்தது. புகார் அளித்தவர்களை அன்று. வாசகம் வேறு விதமாகவும் படிக்கக்கூடியது என்று ஆசிரியை கருதுவதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால், என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதாயிரம் பதிவுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஆளை வைத்துத் திருத்தி எழுத நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு இலட்சம் டாலர் ஆகிறது. ஹார்வர்டிடமும் எம்.ஐ.டி.யிடமும் பெரும் நிதி குவிந்திருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் நிலை அப்படியன்று. இதே விதியைச் சிறிய கல்லூரி ஒன்றின் மீது வைத்தால், அது பதிவேற்றுவதையே நிறுத்திவிடும். நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் நல்ல பேராசிரியர் ஒருவர் கைப்பேசியை முக்காலியில் நிறுத்திப் பதிவுசெய்து போடுகிறார் என்றால், அவரிடம் போய்ச் சப்டைட்டில் எங்கே என்று கேட்பீர்களா? முழுமையாகத் தர முடியாதவர் அரைகுறையாகத் தருவதையும் தடுத்துவிடக் கூடாது என்பதே என் வாதம். அன்றைக்கு அந்த உரைகளைக் காப்பாற்றியதுகூட நிறுவனமன்று, எல்.பி.ஆர்.ஒய். என்ற குழுவினர் முந்திக்கொண்டு இருபதாயிரத்தையும் படியெடுத்து வைத்தார்கள். பெரும்பாலானவை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததால்தான் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது.

விரல்மொழி எழுதியது:

கைப்பேசிப் பேராசிரியரிடம் கேட்க மாட்டேன்; நானே எழுதிக் கொடுப்பேன். பல்கலைக்கழகத்திடம் கேட்பேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

செலவு யாருடையது என்ற கேள்விக்கு வழி கண்ட நிறுவனம் ஒன்று நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருவதால் அதைச் சொல்கிறேன். இலண்டன் கிரெஷாம் கல்லூரி 1597-இல் தொடங்கியது. வணிகர் சர் தாமஸ் கிரெஷாம் தம் உயிலில் எழுதி வைத்த சொத்து வருமானத்தைக் கொண்டு, வானியல், வடிவியல், மருத்துவம், சட்டம், இசை, சமயம், சொற்கலை ஆகிய ஏழு துறைகளுக்கும் பேராசிரியர்களை அமர்த்தி, நகர மக்களுக்கு இலவசமாகப் பேச வைத்தார்கள். இன்று வரை அங்கே மாணவர் சேர்க்கையும் இல்லை, பட்டமும் இல்லை. பேராசிரியர் பேசுவார், விரும்பியவர் வந்து கேட்பார், அவ்வளவுதான். இராயல் சொசைட்டி பிறந்த கதையும் அங்கேதான் தொடங்குகிறது: 1660 நவம்பர் 28 அன்று, வானியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ரென் ஆற்றிய உரைக்குப் பிறகு கூடிய பன்னிருவர்தாம் அதற்கு வித்திட்டார்கள்.

நம் விவாதத்துக்கு நெருக்கமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வோர் உரையையும் இரண்டு முறை நிகழ்த்த வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு முறை அயல்நாட்டு அறிஞர்களுக்காக இலத்தீனில், மற்றொரு முறை நகரவாசிகளுக்காக ஆங்கிலத்தில். பேராசிரியர்கள் அதை எவ்வளவு முணுமுணுத்துக்கொண்டு செய்தார்களோ தெரியாது. ஆனால், கேட்பவர் பக்கம் இறங்கி வரும் செலவும் உரையின் செலவில் சேர்ந்ததே என்று அப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவர்கள் இணையத்தில் இடும் உரைகளோடு எழுத்துப்படியையும் தருகிறார்கள். பேசுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு வரும் பேராசிரியர்கள் என்றால் அதற்குத் தனிச் செலவு ஏதும் இருக்காது.

நம் கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளையும் நினைத்துப் பார்க்கிறேன். மூலதனம் போட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், பேச்சாளருக்குப் பொன்னாடை இருக்கும், பேச்சு காற்றில் போய்விடும்.

முகில்வண்ணம் எழுதியது:

வணக்கம். நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்.பி.டெல். பாடங்களையே எங்கள் கல்லூரியில் பலரும் எடுக்கிறோம். கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதில் பல பாடங்களின் எழுத்துப்படிகள் தமிழிலும் கிடைக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. விடுதியில் இணையம் இரவில்தான் கொஞ்சம் ஓடும். அதுவும் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் எழுத்துப்படியைப் பகலில் பதிவிறக்கிப் படித்துவிட்டு, விளங்காத இடத்தை மட்டும் இரவில் பார்ப்பேன். காது நன்றாகக் கேட்கும் எனக்கே இது இல்லாமல் முடியாது என்பதால், விரல்மொழி அம்மா சொன்னது காது கேளாதோருக்கு மட்டும் உரியது என்று எனக்குத் தோன்றவில்லை.

நூலகவாசி ஐயா சொன்ன வாரன் உரையையும் நேற்று முயன்றேன். யூடியூப் தானாகச் செய்யும் தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பொருநை எழுதியது:

தம்பி, வழி உண்டு. சப்டைட்டில் வரிகளை நொடிக் கணக்குக்கு ஏற்ப வெட்டியிருப்பார்கள். ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், நமக்கோ கடைசியில்தான் வரும். ஒரு நீண்ட வாக்கியத்தை மூன்று வரிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கணினி தமிழாக்கினால், முதல் வரியிலேயே வாக்கியம் முடிந்துவிட்டதுபோல ஒரு வினைமுற்று வரும். அடுத்த இரண்டு வரிகள் தலையில்லாத முண்டமாக நிற்கும். ஆகவே, அந்தத் தமிழ் வரிகளை விட்டுவிடு. ஆங்கில எழுத்துப்படி முழுவதையும் படியெடுத்து, முற்றுப்புள்ளிகளைச் சரிசெய்து, பத்தி பத்தியாக மொழிபெயர்ப்புக் கருவியில் கொடுத்துப் பார். முழுதும் சரியாக இருக்காது, ஆனால் பேச்சின் போக்கு தெரிந்துவிடும். பிறகு ஆங்கிலச் சப்டைட்டிலோடு ஓடவிட்டுக் கேள். நாலைந்து உரை கடந்ததும் தமிழ்ப் படி தேவைப்படாது.

நூலகவாசி எழுதியது:

பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால் ஒரு முன்மொழிவை வைக்கிறேன். நாமே ஓர் உரையின் எழுத்துப்படியைத் தமிழாக்கிப் பொதுவில் வைத்தால் என்ன?

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது உரிமம். இலவசமாகப் பார்க்கலாம் என்பது மறுவெளியீட்டுக்கான அனுமதி ஆகாது. இணையத்தில் இருக்கிறதே என்று எடுத்துத் தமிழ்ப்படுத்தி வெளியிடுவது முறையன்று. எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்களும், யேல் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய திறந்த வகுப்புகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிகம் கூடாது, நாம் செய்வதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு மொழிபெயர்க்கலாம். யேல் வகுப்புகளுக்கு எழுத்துப்படியும் உண்டு. கரிசல்காட்டான் சொன்ன ஐடியூன்ஸ் யூ-வை ஆப்பிள் 2021-இன் இறுதியோடு மூடிவிட்டது. மேடை போனாலும் உரை போகாமல் இருக்க, உரிமமும் எழுத்துப்படியும் சேர்ந்திருக்கும் இடத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

ஃபிராங்க் ஸ்னோடன் 2010-இல் யேலில் நடத்திய, 1600-க்குப் பிந்தைய மேற்குலகின் கொள்ளைநோய் வரலாற்று வகுப்பு என் தேர்வு. பாடத்திட்ட வகுப்புத்தான் என்றாலும், மருத்துவப் பின்னணி இல்லாத வரலாற்று மாணவர்களுக்காகப் பேசியது. பொதுச் சொற்பொழிவைப்போலவே கேட்கலாம். கொரோனா பரவிய 2020-இல் பலர் அதைத் தேடிப்போய்க் கேட்டார்கள். பெரியம்மை, காசநோய், மலேரியா, போலியோ என்று நீளும் அந்த வரிசையில் காலராவுக்கு இரண்டு உரைகள் இருக்கின்றன. 1973-இல் இத்தாலியில் காலரா தலைகாட்டியபோது தாம் ரோமில் வசித்ததை வைத்து அவர் பேசுகிறார். சந்தையில் சிப்பி விற்றவர் மீது மக்களுக்கு எழுந்த கோபமும் அச்சமும் எப்படிப்பட்டவை என்பதெல்லாம் நம் வாந்திபேதிக் காலக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு உடனே பிடிபடும்.

கரிசல்காட்டான் எழுதியது:

ஒப்புதல். ஆனால், வேலையைப் பங்கு பிரிக்கும் முன், தொழில்முறைச் செலவைப் பற்றிப் பேசியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கருவி தரும் தமிழைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடச் சில இடங்களில் அதிக நேரம் எடுக்கும். முதல் பத்துப் பத்தியைப் பொருநையும் நானும் தனித்தனியே, அவர் கருவியை வைத்தும் நான் கையாலும் செய்து, எது சரிப்படுகிறது என்று பார்ப்போம்.

அந்திமந்தாரை எழுதியது:

மருத்துவச் சொற்களை நான் பார்த்துத் தருகிறேன். காலரா சிகிச்சையில் இந்தியாவின் பங்கு பெரிது: 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். தமிழ்ப் படியில் அதை உரிய இடத்தில் சேர்த்துவிடலாம் என்பது என் விருப்பம்.

தறிச்சத்தம் எழுதியது:

உரைக்குள் சேர்க்க வேண்டாம், அம்மா. ஸ்னோடன் சொல்லாததை ஸ்னோடன் வாயில் வைத்ததாகிவிடும். மூலத்தில் மாற்றம் செய்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அந்த உரிமத்தின் நிபந்தனை. மகலனாபிஸ் பற்றித் தனிக் கட்டுரையாக எழுதித் தாருங்கள்; இதே இழையில் இணைத்துவைப்போம்.

விரல்மொழி எழுதியது:

பத்திகளைப் பிரிக்கும்போது, ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் காணொளியில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் குறித்து வையுங்கள். பின்னால் அதைச் சப்டைட்டிலாக்குவது என் பொறுப்பு; நேரக் குறிப்பு இல்லாவிட்டால் முழு உரையையும் ஒருவர் மீண்டும் கேட்டுத்தான் குறிக்க வேண்டியிருக்கும், அந்த வேலையை என் மாணவிகளால் செய்ய முடியாது. தமிழ் வரிகளைப் படித்து எங்கே விளங்கவில்லை என்று சொல்வதற்கு அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.